கடைசி என்றால் உண்மையிலேயே கடைசியா?

போன மாதம் நம் இளைஞர் பிரிவு புதிர்ப்போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நிலாவில் முதலில் கால் வைத்தவர் யார், எவரெஸ்டில் முதலில் ஏறியவர் யார் என்பதெல்லாம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளே தூக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரு சுற்று முழுக்க ‘கடைசி’ என்று வைத்தேன். அதில் நானே மாட்டிக்கொண்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சில கடைசிகள் தேதி குறித்து நடப்பவை. 2011 ஜூன் 30 இரவு சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். மறுநாளிலிருந்து ரயில் உட்லண்ட்ஸோடு சரி. முரளிதரனும் அப்படித்தான். 2010-இல் காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டோடு ஓய்வு என்று முன்பே அறிவித்துவிட்டார். 800-க்கு இன்னும் 8 விக்கெட் வேண்டும். எடுத்தார். 800-வது விக்கெட் விழுந்தது அவருடைய கடைசிப் பந்தில்!

பிராட்மேனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1948 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம். 80 இன்னிங்ஸ், அதில் 10 முறை ஆட்டமிழக்கவில்லை, மொத்தம் 6996 ரன். 6996-ஐ 70-ஆல் வகுத்துப் பாருங்கள்: 99.94. இன்னும் நாலே ரன், ஒரு பவுண்டரி எடுத்திருந்தால் சரியாக 100. ஆனால் ஹோலிஸ் போட்ட இரண்டாவது பந்திலேயே டக் அவுட். இரண்டாவது இன்னிங்ஸ் இருக்கே என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றதால் அவர் மறுபடி மட்டை பிடிக்கவே இல்லை. சொந்த அணி நன்றாக ஆடியதே வினை!

தான் கடைசி என்று கொஞ்சமும் தெரியாமலே கடைசியானவர் அலி மாவ் மாலின். சோமாலியாவின் மெர்க்கா நகரில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரர், வயது 23. 1977 அக்டோபரில் பெரியம்மை கண்ட இரண்டு பிள்ளைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்ட ஏறிக்கொண்டார். சில நிமிடப் பயணம்தான். அது போதுமாக இருந்தது. நம் பாட்டிமார் மாரியம்மனை வேண்டி வேப்பிலை கட்டிய அதே பெரியம்மை. மருத்துவமனையில் வேலை செய்தும் அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. காரணம்? வலிக்குமே என்ற பயம். சிரிக்காதீர்கள். கோவிட் ஊசிக்கு எங்கள் வீட்டில் கடைசியாகப் போனவன் நான்தான்.

மாலின் பிழைத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து, அதே சோமாலியாவில் போலியோ சொட்டு மருந்து வேலையில் சேர்ந்தார். பயந்த பெற்றோர்களிடம் தன் கதையைத்தான் சொல்வார். 2013-இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியா வந்து இறந்தார்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. “உலகில் கடைசியாகப் பெரியம்மை கண்டவர் யார்?” என்று கேட்டு, மாலின் என்று விடை எழுதி வைத்திருந்தேன். பதினாறு வயசுத் தங்கச்சி ஒருத்தி கையைத் தூக்கினாள். “அண்ணே, 1978-இல் பர்மிங்காமில் ஒருத்தர் செத்திருக்காங்களே!” உண்மைதான். அங்கே பல்கலைக்கழகத்தில் பெரியம்மை ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்தில், அதற்கு மேல் மாடியில் வேலை செய்த மருத்துவப் புகைப்படக்காரர் ஜேனட் பார்க்கர். மாலின் ‘இயற்கையாக’ நோய் கண்ட கடைசி ஆள். அந்த ஒரு வார்த்தையை நான் விட்டுவிட்டேன். பத்துப் புள்ளியும் அவள் குழுவுக்கே போனது.

அவள் அதோடு விடவில்லை. அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் ஆளுக்கொரு ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை இன்னும் பூட்டி வைத்திருக்கிறார்கள். “அப்போ 1978-ஐயும் எப்படிண்ணே கடைசின்னு சொல்றீங்க?” என்று கேட்டாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.