இரண்டு அரிதில் கடத்திகள், நடுவே மின்னோட்டம்

மாணவர்களே, ரப்பரும் கண்ணாடியும் அரிதில் கடத்திகள் என்று ஆரம்பப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ரப்பர் துண்டு ஒன்றைக் கண்ணாடியின் மேல் ஒட்டினால், அவை தொடும் இடத்தில் மின்சாரம் பாயுமா? பாயாது. ஆனால் எல்லா அரிதில் கடத்திகளும் இப்படி நடந்துகொள்வதில்லை.

2004-இல் ஓடோமோ, ஹுவாங் என்னும் இரு ஆய்வாளர்கள் ஸ்ட்ரான்டியம் டைட்டனேட் என்ற ஆக்சைடின் மேல் லாந்தனம் அலுமினேட் என்ற இன்னோர் ஆக்சைடைப் படலமாக வளர்த்தனர். தனித்தனியே இரண்டும் அரிதில் கடத்திகள். ஆனால் இரண்டும் சந்திக்கும் எல்லையில் மின்னோட்டம் பாய்ந்தது! அங்குள்ள எலக்ட்ரான்கள் சில நானோமீட்டர் தடிப்புக்குள் அடைபட்டிருக்கின்றன. பக்கவாட்டில் ஓடலாம், மேலும் கீழும் ஓட இடமில்லை. எனவே இதை ‘இரு பரிமாண எலக்ட்ரான் அமைப்பு’ என்கிறோம்.

இந்த எலக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன? இரண்டு விளக்கங்கள் கூறப்பட்டன.

விளக்கம் 1: குவே லாப்பிஸை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நிறங்களைப் போல, லாந்தனம் அலுமினேட்டில் நேர், எதிர் மின்னூட்ட அடுக்குகள் மாறி மாறி வருகின்றன. கீழுள்ள பொருளின் அடுக்குகளோ நடுநிலையானவை. மேலே அடுக்க அடுக்க மின்னழுத்தம் கூடும். ஓர் அளவைத் தாண்டியதும், எலக்ட்ரான்கள் எல்லைக்கு நகர்ந்து அதைத் தணிக்கும். 2006-இல் ஜெர்மனியில் நடந்த சோதனை இதற்குப் பொருந்தியது. படலம் மூன்று அலகு தடிப்பாக இருந்தவரை மின்னோட்டம் இல்லை. நான்காவது அலகு சேர்ந்ததும் பாய்ந்தது. நான்கு அலகு என்பது ஏறக்குறைய 1.5 நானோமீட்டர்தான்.

விளக்கம் 2: படலத்தை வளர்க்கும்போது கீழ்ப்பொருளிலிருந்து சில ஆக்சிஜன் அணுக்கள் வெளியேறுகின்றன. அவை விட்டுச் செல்லும் எலக்ட்ரான்களே ஓடுகின்றன.

எது சரி? தி. வெங்கடேசன் இடம்பெற்ற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2013-இல் ஓர் அழகான சோதனையை வெளியிட்டது. ஒரு மாதிரியில் மேல்படலத்தின் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மற்றதில் அதே பொருள், ஆனால் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடந்தன. ஒழுங்கான அடுக்கே இல்லாததால், இரண்டாவது மாதிரிக்கு விளக்கம் 1 பொருந்தாது. ஆயினும் இரண்டிலும் மின்னோட்டம் பாய்ந்தது.

பிறகு இரண்டையும் ஆக்சிஜனில் சூடாக்கி, இழந்த ஆக்சிஜனைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒழுங்கற்ற மாதிரியில் மின்னோட்டம் நின்றுபோனது. ஒழுங்கான மாதிரியில் எலக்ட்ரான்கள் குறைந்தன, ஆனால் மின்னோட்டம் தொடர்ந்தது. ஆக, ஒழுங்கான மாதிரியில் முதலில் இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்தன. ஆக்சிஜன் திரும்பிய பின் அடுக்குகளின் மின்னூட்டம் மட்டும் எஞ்சியது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? மெர்போக்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கூலிமில் சில்லுகள் தயாராகின்றன. அவற்றின் டிரான்சிஸ்டர்களிலும் மின்னோட்டம் சிலிக்கானும் ஆக்சைடும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே பாய்கிறது. எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதை நம் விருப்பப்படி கட்டுப்படுத்த முடியும்.

சிந்தியுங்கள்: சிங்கப்பூர்ச் சோதனையில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? ஒழுங்கற்ற மாதிரியைச் செய்யாமல் விட்டிருந்தால், எந்த முடிவுக்கு வர முடியாமல் போயிருக்கும்?