அரசு லேப்டாப்பில் புத்தகம் படிக்க எந்த மென்பொருள்?

தம்பிக்கு 2013இல் கிடைத்த விலையில்லா மடிக்கணினி, பல வருடமாக அலமாரி மேல் துணி போர்த்திக் கிடந்தது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரைச் செருகியே வைத்திருந்தால் ஓடும். இந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும் அக்கா மகள் அதை இறக்கி, அறிவியல் பாடநூலின் பிடிஎஃப்பைத் திறந்தாள். "பக்கம் தள்ளினா வெள்ளையாவே நிக்குது மாமா. இது வேலைக்கு ஆகாது, புதுசுதான் வாங்கணும்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். புத்தகம் பிரவுசரில் திறந்திருந்தது. பக்கத்திலேயே யூடியூப் உட்பட ஏழெட்டுத் தாவல்கள். 2 ஜிபி ரேமில் முக்கால்வாசியைப் பிரவுசரே தின்றுகொண்டிருந்தது. அதை மூடிவிட்டு, அதே கோப்பை ஒரு சிறிய பிடிஎஃப் மென்பொருளில் திறந்தேன். பக்கங்கள் புரண்டன.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் ஏராளமான வீடுகளில் இருக்கின்றன. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற அமைப்பில் இருந்தன. புத்தகம் படிக்க இந்த வசதி தாராளம். எந்த மென்பொருள் 'சிறந்தது' என்று கேட்பதில்தான் தவறு நடக்கிறது. என்ன மாதிரிப் புத்தகம் என்று முதலில் பார்த்துவிட்டால் மென்பொருள் தானாகவே முடிவாகிவிடும்.

கோப்பு எந்த வகை?

நம் கைக்கு வரும் தமிழ் மின்நூல்கள் மூன்று வகை.

முதல் வகை, பாடநூல் போன்ற பிடிஎஃப். அச்சுக்குத் தயாரான பக்கம் அப்படியே கோப்பாகியிருக்கும். படம், அட்டவணை, வரி எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்கேன் பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்கள் பலவும் இப்படித்தான். அதில் இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் புகைப்படம்.

மூன்றாவது, இபப். இதில் பக்கம் என்று ஒன்று கிடையாது. திரையின் அகலத்தையும் நாம் கேட்கும் எழுத்தளவையும் பார்த்து மென்பொருளே அவ்வப்போது பக்கம் கட்டும். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் நூல்களை இந்த வடிவத்திலும் தருகிறது.

பாடநூல் பிடிஎஃப்புக்கு

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டியதில்லை: சுமத்ரா பிடிஎஃப். பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே ஓட்டலாம். விட்ட பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். இபப்பையும் திறக்கும் என்றாலும், அதில் எழுத்துருவை மாற்ற அமைப்புக் கோப்புக்குள் போய்க் கையால் எழுத வேண்டும். அந்த வேலைக்கு இது வேண்டாம்.

லினக்ஸில் எவின்ஸ், அட்ரில், ஒகுலார் என்று மூன்று இருக்கின்றன. எவின்ஸ் எளிமையானது, ஆனால் இபப் திறக்காது. அதிலிருந்து கிளைத்த அட்ரில் இபப்பையும் திறக்கும். இரண்டு வகை நூலுக்கும் ஒரே மென்பொருள் போதும் என்பவர்களுக்கு அட்ரில் ஏற்றது. ஒகுலார் சற்றுக் கனமானது. ஆனால் வரிக்கு மஞ்சள் அடிக்கவும் ஓரத்தில் குறிப்பு எழுதவும் அதுதான் வசதி. தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்தக் கனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எவின்ஸுக்கு ஒரு பழைய கதை உண்டு. உலகெங்கும் ஏழைக் குழந்தைகளுக்கென்று 2007இல் உற்பத்திக்கு வந்த எக்ஸ்ஓ மடிக்கணினியில் 433 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி ரேமும்தான். அதில் புத்தகம் படிக்க இருந்த 'ரீட்' என்ற செயலி எவின்ஸின் நிரலை அடித்தளமாகக் கொண்டது. நம் வீட்டு லேப்டாப்பின் ரேம் அதைப்போல எட்டு மடங்கு.

இபப்புக்கு

இங்கே வேகத்தைவிட முக்கியமானது, மென்பொருளுக்குத் தமிழ் தெரியுமா என்பது. சோதிக்க அரை நிமிடம் போதும். ஒரு நூலைத் திறந்து 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' வரும் இடங்களைப் பாருங்கள். 'கொ'வில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் உட்கார வேண்டும். கணினிக்குள் 'க' ஒரு குறி, 'ஒ'கர உயிர்மெய்க் குறி இன்னொன்று. இரண்டாவதைப் பிளந்து இருபுறமும் வைப்பது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருள் புள்ளிகளாலான ஒரு வட்டத்தைக் காட்டும், அல்லது கொம்பைத் தப்பான இடத்தில் வைக்கும். அப்படித் தெரிந்தால் முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். பழைய விண்டோஸில் லதா இருக்கும். லினக்ஸில் லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் கிடைக்கும். அப்போதும் சரியாகவில்லை என்றால் மென்பொருளையே மாற்றிவிடுங்கள்.

இந்தச் சோதனையில் காலிபர் நன்றாகத் தேறும். நூல்களை அடுக்கி வைக்க, வடிவம் மாற்ற, படிக்க என்று எல்லாம் அதிலேயே உண்டு. அதனாலேயே கனமும் அதிகம். ஆனால் காலிபரை நிறுவினால் அதன் வாசிப்பான் தனி ஐகானாகவும் வரும். நூலகப் பகுதியைத் திறக்காமல் வாசிப்பானை மட்டும் திறந்தால் பாரம் குறையும். இன்னொன்று: 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து காலிபர் 32 பிட் கணினிகளில் ஓடாது. விண்டோஸ் 7, 8இலும் ஓடாது. அவற்றை வைத்திருப்பவர்கள் 5.44 என்ற பழைய பதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

ஃபோலியேட் பார்க்க அழகாக இருக்கும். வெளிச்சம், வரி இடைவெளி எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில். ஆனால் அதன் புதிய பதிப்புகள் புதிய லினக்ஸைக் கேட்கும். பழைய பாஸ் லினக்ஸை அப்படியே வைத்திருப்பவர்களுக்குச் சரிவராது.

ஸ்கேன் நூலுக்கு

புகைப்படத்தில் எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது? கேஓரீடர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. கையடக்க வாசிப்புக் கருவிகளுக்காக எழுதப்பட்ட இது லினக்ஸ் கணினியிலும் ஓடும். சொற்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லின் படத்தையும் தனித்தனியாக வெட்டி, பெரிதாக்கி, புதிய வரிகளாக அடுக்கும். எந்த மொழி என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் தமிழும் வரும், கிரந்தமும் வரும். பழைய கணினியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கொஞ்சம் காக்க வேண்டும். விளிம்பு நைந்து மை பரவிய பக்கங்களில் சொற்கள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஓரத்து வெள்ளையை வெட்டுவது மட்டும் போதுமென்றால் அதையும் இதிலேயே செய்யலாம். பெரும்பாலும் அதுவே போதும்.

தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

பிடிஎஃப்பில் சொல் கண்ணுக்குத் தெரியும். தேடுபெட்டியில் தட்டினால் 'இல்லை' என்று வரும். எந்த மென்பொருளுக்கு மாறினாலும் இது தீராது. கோளாறு கோப்பில் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. பாமினியில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். நீங்கள் யூனிகோடில் தேடும் 'அம்மா' அங்கே கிடையாது. அந்த நூல் கட்டாயம் வேண்டுமென்றால், டெசராக்ட் போன்ற எழுத்துணரியைத் தமிழில் ஓட்டித் தேடக்கூடிய எழுத்தை எடுக்கலாம். அதை வேகமான வேறொரு கணினியில் செய்து, கோப்பை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள்.

மென்பொருளுக்கு முன் திரை

எங்கள் லேப்டாப்பின் திரை 1366க்கு 768 புள்ளி. ஏ4 பக்கத்தை முழுதாகக் காட்டினால், மேலும் கீழும் உள்ள பட்டைகள் போக அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 புள்ளிதான் மிஞ்சும்; மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி கரைந்துவிடும். அகலத்துக்குப் பொருத்தினால் எழுத்து தெளிவு, ஆனால் அரைப் பக்கம்கூடத் தெரியாது. இதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, அமைப்புகளில் திரையைப் பக்கவாட்டில் திருப்பி, லேப்டாப்பையே திறந்த புத்தகம்போல நிறுத்துவது. முழுப் பக்கமும் தெரியும், அங்குலத்துக்கு 93 புள்ளியும் கிடைக்கும். எக்ஸ்ஓவில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. திரையை விசைப்பலகை மேல் மடித்துச் சிலேட்டுபோலவும் பிடிக்கலாம். நம் மலிவுத் திரைகளில் ஒரு சங்கடம்: திருப்பி நிறுத்தினால், சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலும் நிறம் மங்கும். நேர் எதிரே உட்கார வேண்டும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. ஃப்ரீதமிழ்இபுக்ஸில் ஏ4 பிடிஎஃப்போடு 6 அங்குல பிடிஎஃப்பும் கிடைக்கும். கையடக்கக் கருவிக்கென்று செய்தது. அதை சுமத்ராவிலோ எவின்ஸிலோ இரட்டைப் பக்கமாக வைத்தால், 14 அங்குலத் திரையில் விரித்த புத்தகம்போல உட்காரும். உருட்ட வேண்டியதில்லை, பக்கம் புரட்ட ஒரு விசை போதும்.

யாருக்கு எது?

- விண்டோஸ், பாடநூல் மட்டும்: சுமத்ரா.
- லினக்ஸ், எல்லாம் கலந்து: அட்ரில்.
- கோடு போட்டு, குறிப்பெடுத்துப் படிக்க: ஒகுலார்.
- கதை, நாவல் இபப்: காலிபரின் வாசிப்பான், புதிய லினக்ஸ் என்றால் ஃபோலியேட்.
- பழைய ஸ்கேன் நூல்: கேஓரீடர்.
- பிரவுசர்: வேறு எதுவும் இல்லாத அவசரத்துக்கு மட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மென்பொருள் ஓடுகின்றன. பகலில் அக்கா மகளுக்கு சுமத்ரா. அவள் படுத்த பிறகு அம்மாவுக்குக் காலிபர் வாசிப்பான். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கி 'பொன்னியின் செல்வன்' படிக்கிறார். அச்சுப் புத்தகத்தைக் கண் பார்வைக்காகத் தள்ளி வைத்து நாலு வருடமாயிற்று. நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா மகளை எழுப்பி, "அடுத்த பாகத்தையும் இதுல ஏத்திக் குடு கண்ணு" என்று கேட்டிருக்கிறார். லேப்டாப்புக்காக இப்போது வீட்டில் சின்னச் சண்டை நடக்கிறது.