அரை பிபிஎம் காட்மியம்: மெஷின் சொன்னா நம்பிடலாமா?

சங்கரன்கோவில்ல பஸ் ஏறி திருநெல்வேலி போய், அங்கிருந்து தூத்துக்குடி–திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தால் பழையகாயல் வரும். நியூக்ளியர் ஃபியூயல் காம்ப்ளெக்ஸின் சிர்கோனியம் ஆலை அங்கேதான் இருக்கு, 2009ல் தொடங்கினது. அணு உலை எரிபொருளை மூடும் குழாய்க்கு வேண்டிய உலோகம் இது.

ஏன் சிர்கோனியம்? நியூட்ரானை விழுங்காது, 0.18 பார்ன்தான். ஆனா கடற்கரை மணலில் அது தனியா வராது, கூடவே ஹாஃப்னியமும் வரும். நம்ம ஊர் சங்கரநாராயணர் மாதிரி ஒரே உருவத்தில் ரெண்டு பேர். ஹாஃப்னியம் விழுங்குவது சுமார் 104 பார்ன். காட்மியம் இன்னும் மோசம், 2,500க்கு மேல். அதனால்தான் அணு உலைத் தரத்துக்கு ஹாஃப்னியம் 100 பிபிஎம்முக்குள்ளும், போரானும் காட்மியமும் தலா 0.5 பிபிஎம்முக்குள்ளும் இருக்கணும்.

இந்த 0.5ஐ ஐசிபி-எம்எஸ்ஸில் அளக்கணும்னு வைத்துக்கொள்ளுங்க. 0.1 கிராம் உலோகத்தை ஹைட்ரோஃப்ளூரிக், நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 100 மில்லியாக்கினால் ஆயிரம் மடங்கு நீர்த்துப்போகும். 0.5 பிபிஎம் இப்போ 0.5 பிபிபி. பக்கத்திலேயே 1000 பிபிஎம் சிர்கோனியம் மிதக்குது.

லேப் மேனுவல்ல இருக்கிற மாதிரி வெறும் அமிலத்தில் ஸ்டாண்டர்ட் போட்டு நேர்கோடு வரைந்தால் என்ன ஆகும்? கணக்குக்காக சில எண்கள்: வெறும் அமிலத்தில் ஒரு பிபிபிக்கு 40,000 கவுண்ட். சிர்கோனியம் கூட்டத்தில் காட்மியம் அயனிகள் வழியில் சிதறி, அதே ஒரு பிபிபிக்கு 30,000தான் வருது. சாம்பிளில் உண்மையில் 0.6 இருந்தால் 18,000 வரும். உங்க கோடு அதை 0.45 என்று படிக்கும். பாஸ்! தப்பான உலோகம் உலைக்குப் போயிடும். ஆர்-ஸ்கொயர் 0.9999 வந்திருக்கும், ஆனா அது சாம்பிளைப் பற்றி ஒண்ணுமே சொல்லாது.

இதுக்கு வழி ஸ்டாண்டர்ட் அடிஷன். அதே சாம்பிளில் 0.5 பிபிபி காட்மியம் சேர்த்து மறுபடி அளங்க. 33,000 வரும். கூடுதல் 15,000ஐ 0.5ஆல் வகுத்தால் சரிவு 30,000. 18,000ஐ அதால் வகுத்தால் 0.6. ஓட்டத்தின் நடுவில் மெஷின் நகர்வதைப் பிடிக்க, எடை நெருக்கமான ரோடியத்தை எல்லா குப்பியிலும் ஒரே அளவு விடுவாங்க.

இதோட முடிஞ்சதுன்னு நானும் நினைச்சேன். இல்லை. ஸ்டாண்டர்ட் அடிஷன் சரிவைத்தான் திருத்தும், அடியில் ஏற்கெனவே இருக்கும் பொய் சிக்னலைத் தொடாது. தராசில் தட்டு இருக்கும்போதே ஸீரோ போடாம எடை பார்ப்பது மாதிரி. பொய் எங்கிருந்து? பிளாஸ்மாவில் சிர்கோனியம் ஆக்சிஜனைப் பிடிக்குது. 94ம் 16ம் 110. ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தால் 111. 96ம் 16ம் 112. எல்லாமே காட்மியத்தின் எடைகள். சரி, 114க்கு ஓடலாம்னா, அங்கே 96ம் ஆக்சிஜன்-18ம் நிற்குது. அந்த ஆக்சிஜன் 0.2 சதவீதம்தான், சிர்கோனியம்-96 2.8 சதவீதம்தான். இருந்தாலும் சிர்கோனியத்தில் ஒரு சதவீதம் ஆக்சைடானால் கணக்குப்படி 2 பிபிபி காட்மியம் மாதிரி தெரியும். தேடுவதே 0.5!

அதனால் ரியாக்ஷன் செல்லில் ஆக்சிஜன் விடுறாங்க. சிர்கோனியம் ஆக்சைடு இன்னொரு ஆக்சிஜனைப் பிடித்து 16 தள்ளிப் போயிடும், காட்மியம் அசையாது. இல்லைன்னா சிர்கோனியத்தை முன்கூட்டியே பிரித்தெடுக்கணும். தப்பிச்சோமான்னு பார்க்க 111லும் 114லும் தனித்தனியா கணக்குப் போடுங்க. ரெண்டு விடையும் ஒத்துப்போகலைன்னா எங்கேயோ கலப்பு இருக்கு. 114இல் வெள்ளீயமும் இருக்கும், அதைக் கழிச்சுக்கணும்.

உலோகத்தைக் கரைக்காமலே அளக்கும் குளோ டிஸ்சார்ஜ் முறையும் உண்டு. அதில் காட்மியத்தை ஊற்றிச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே அளவு தெரிந்த சான்றுப் பொருள் வைத்துத்தான் ஒவ்வொரு தனிமத்துக்கும் உணர்திறன் காரணி எடுக்கணும். இப்படிப்பட்ட தூய பொருட்களை அலசவே பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு ஹைதராபாத்தில் தனி மையம் இருக்கு.

ஒரு சின்ன விஷயம்: இந்தக் கரைசலைக் கண்ணாடி பீக்கரில் வைக்காதீங்க. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணாடியை அரிக்கும், லேப் கண்ணாடி போரோசிலிகேட். அதில் கரைந்து வரும் போரானை உலோகத்தின் கணக்கில் எழுதிடுவீங்க.