பழைய மொரிஸ் மைனருக்குப் போல்ட் தேடும் தம்பிக்கு

தம்பி, நீ மொரிஸ் மைனரைக் கழற்றத் தொடங்கிவிட்டாய் என்று கேட்டு எனக்கு நல்ல சந்தோசம். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். கழற்றின போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு "இதே மாதிரி ஒன்று தாங்கோ" என்று ரவுணுக்கு ஓடாதே. கொக்குவிலில் நிற்கிற பழைய காரில் இருப்பது அதோடு வந்த போல்ட்தான் என்று நம்ப ஏலாது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு, பெற்றோலும் பற்றரியும் இல்லாத ஊரில், மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த மெக்கானிக்மார் கிடைத்ததைப் போட்டுத்தான் இந்த வண்டிகளைக் காப்பாற்றினார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அவர்கள் போட்ட போல்ட்டை மாதிரியாக எடுக்காதே. போல்ட் போகிற துவாரத்தின் புரியைப் பார்.

பிந்தி வந்த மைனர் 1000 என்றால் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்ற அங்குல அளவுப் புரிதான். 1948 முதல் 1953 வரை வந்த எம்.எம். மாடல் என்றால் கவனம். மொரிஸ் கம்பனி 1923இல் கொவென்றியில் இருந்த ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கே இருந்த இயந்திரங்கள் மெற்றிக் புரி வெட்டுபவை. இங்கிலாந்து கராஜ்களில் இருந்த ஸ்பனர்களோ விட்வேர்த் என்ற பிரிட்டிஷ் அளவு. ஆகவே மெற்றிக் புரிக்கு விட்வேர்த் தலை வைத்தார்கள். அந்த வழக்கம் எம்.எம். இஞ்சின்வரை தொடர்ந்தது. தலையைப் பார்த்துப் புரியைச் சொல்கிறவர் எவரானாலும் இந்த இஞ்சினில் ஏமாறுவார். அதிலே 8 மி.மீ. போல்ட்டின் புரி இடைவெளி 1 மி.மீ.; கடையில் சாதாரணமாகத் தருவது 1.25. பொருந்தாது. இதற்கு லேத் பட்டறைதான் வழி. 8.8 தரப் போல்ட்டைக் கடைந்து தரச் சொல், வெறும் இரும்புக் கம்பியில் வேண்டாம்.

கனபேர் விழுகிற குழி இன்னொன்று. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. மெற்றிக் 8 மி.மீ. போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் யூ.என்.எஃப்.பில் அங்குலத்துக்கு 24 புரி, பழைய பிரிட்டிஷ் புரியான பி.எஸ்.எஃப்.பில் 22, கடையில் தருகிற 1.25 மெற்றிக்கில் ஏறக்குறைய 20. இனம் மாறிய போல்ட் ஒன்றிரண்டு சுற்றுப் போய் இறுகும். அந்த இடத்தில் ஸ்பனரை எடுத்தாயோ, துவாரம் போச்சு. திரெட் கேஜ் இல்லையென்றால், அளவு தெரிந்த புதுப் போல்ட்டின் புரியைச் சந்தேகமான போல்ட்டின் புரிக்குள் பதித்து வெளிச்சத்தில் பிடி. நீளத்துக்கும் இடைவெளியில்லாமல் பொருந்தினால் ஒரே இனம். சரியான போல்ட் விரலாலேயே கனதூரம் போகும்.

பழைய சிறிய விமானங்களைப் பராமரிப்பவர்கள் கண்டிப்பாகப் பார்க்கிற ஒன்று உண்டு: துவாரத்துக்குள் பாரம் தாங்குவது போல்ட்டின் புரியில்லாத வழுவழுப்பான தண்டாக இருக்க வேண்டும், புரி வெளியே நிற்க வேண்டும். சஸ்பென்சனுக்கு நீயும் அப்படியே பார். முழு நீளமும் புரி வெட்டிய போல்ட்டை அங்கே போடாதே.

உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காது என்று ஸ்ரெயின்லெஸ் தருவார்கள். நம்பர் பிளேற்றுக்குப் போடு. வழக்கமாக விற்கிற ஏ2-70இன் பலம் 8.8ஐவிடக் குறைவு, ஸ்ரியறிங்குக்கும் பிறேக்குக்கும் அது வேண்டவே வேண்டாம். யூ.என்.எஃப். என்றால் தலையில் மூன்று கோடு உள்ள கிரேட் 5 எடு. கோடும் எண்ணும் இல்லாத மொட்டைத் தலையை வாங்காதே. ஸ்பிளிற் பின் எப்போதும் புதிது.

ரவுணில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கேயும் இல்லையென்றால் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவை. யூ.என்.எஃப். கனடாவில் சாதாரண ஹாட்வெயார் கடையிலேயே கிடைக்கும், பி.எஸ்.எஃப். வேண்டுமென்றால் லண்டன்காரரிடம் கேள். தடிப்பு, நீளம், புரியில்லாத தண்டின் நீளம், புரி இனம், தரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. படத்தை மட்டும் அனுப்பினால் மெற்றிக்தான் வந்து சேரும்.