கிட்டாக வாங்காதீர்கள்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு சஸ்பென்ஷன் மாற்றப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான். பின் சக்கரம் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது? பதில் வராது. எந்தக் கம்பெனி ஸ்பிரிங், எவ்வளவு இறுக்கம், கார் எத்தனை அங்குலம் தாழும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். சக்கரம் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று ஒருவரும் குனிந்து பார்த்திருக்கமாட்டார்கள். என் காருக்கு வேலை செய்த பட்டறைக்காரரும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் அவருக்குப் பிழைப்பே.

என்னுடையது மார்க் 3, 1968 மாடல். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முன்னால் வைத்திருந்தவர் 1296 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, பின்னாளைய 1500-இன் எஞ்சினையும் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸையும் ஏற்றியிருப்பார். இழுவை கூடியிருக்கும். கீழே இருக்கும் ஸ்பிரிங், புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் அவர் தொடாமல் விட்டவை. காரை வாங்கிய கொஞ்ச நாளில் உங்களுக்கும் கை அரிக்கும்.

அரிக்கட்டும். அதற்கு முன் அந்தப் பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிட்ஃபயர் 1962-இல் வந்தது. மேலே மிக்கெலோட்டி வரைந்த அழகான உடம்பு, கீழே 1959-இல் வந்த ஹெரால்டின் சாமான்கள். ஹெரால்டைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அங்கேயே செய்த கார் அது. என் மாமாவிடம் ஒன்று இருந்தது. குடும்பத்தோடு ஏறினால் பின் சக்கரங்கள் காலை அகட்டிக்கொள்ளும் என்பார். 1972-இல் ஸ்டாண்டர்டு கெசல் வந்தபோது அந்தப் பின் அமைப்பையே தூக்கிவிட்டு, அம்பாசடரில் இருப்பதுபோல ஒரே முழு ஆக்சிலாகப் போட்டுவிட்டார்கள். இங்கே கோவென்ட்ரியில், கான்லி தொழிற்சாலைக்காரர்கள் அந்தப் பழைய பின் அமைப்பையே அவ்வப்போது திருத்தி 1980 வரை ஓட்டினார்கள். நான் அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். காரை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இந்த அமைப்புக்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். பின்னால் இரண்டு அரைத்தண்டுகள். ஒவ்வொன்றும் டிஃபரென்ஷியல் பக்கத்து முனையில் மட்டும் மடங்கும். வெளிமுனையில் சக்கரம் விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் சக்கரம் மேலே போனாலும் கீழே இறங்கினாலும் அதன் சாய்வு கூடவே மாறும். எடை ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே அகலும். அது நல்லது. பின்பக்கம் உயர்ந்தால் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். வேகமாக வளைவில் போகும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் போய்விடும், பின்பக்கம் எழும்பும். எழும்பியதும், வளைவின் வெளிப்பக்கத்துச் சக்கரத்தில் டயரைத் தரை தள்ளும் விசையே காரை இன்னும் மேலே தூக்கும். சக்கரம் இன்னும் மடங்கும். டயர் விளிம்பில் நிற்கும். பிறகு காரின் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகும்.

இது ட்ரையம்ஃபின் தனிக்குறை இல்லை. 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் செவர்லே கோர்வேர் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதே அமைப்பினால்தான். ஆகவே உலகத்துக்கே தெரிந்த விஷயம். என் பட்டறைக்காரரைத் தவிர.

அவர் விற்றது ‘ஃபாஸ்ட் ரோடு கிட்’. முன்னால் குட்டையான, இறுக்கமான காயில் ஸ்பிரிங் இரண்டு. நான்கு மூலைக்கும் சரிசெய்யக்கூடிய டாம்பர். பாலியூரித்தேன் புஷ் ஒரு பை நிறைய. பின்னால் புத்தம்புது பட்டை ஸ்பிரிங், பழையதைவிடக் கனமானது. “எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுத்தது” என்றார். அந்த வாக்கியத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

கழற்றிப் போட்ட பழைய பட்டை ஸ்பிரிங் தொய்ந்துபோய்க் கிடந்தது. பார்த்தால் யாருக்கும் தூக்கிப்போடத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தொய்வுதான் பின்பக்கத்தைத் தாழ்த்தி, சக்கரங்களின் அடியை வெளியே தள்ளி வைத்திருந்தது. அரை நூற்றாண்டாக அது தொய்ந்து தொய்ந்து காருக்குச் சரியான கோணத்தைத் தானே கொண்டுவந்திருந்தது. புதியதைப் போட்டதும் பின்பக்கம் எழும்பிவிட்டது. முன்பக்கம் தாழ்ந்திருந்ததால் பார்ப்பதற்கு மூக்கைத் தரையில் வைத்த பந்தயக் கார் மாதிரி மிடுக்காக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லெஸ்டரில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பார்த்த உடனே சொன்னார்: “தம்பி, பின்சில்லு நேரா நிக்கேல்ல. மேல்பக்கம் வெளியால சாஞ்சு நிக்குது. ஒருக்கா அளந்து பாரும்.” அவர் வைத்திருப்பது எம்ஜிபி. எம்ஜிபிக்காரர் சொல்வதை ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவன் கேட்பானா? இருந்தாலும் பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். “புது ஸ்பிரிங் அப்படித்தான் தூக்கி நிற்கும். 500 மைல் ஓட்டுங்கள், உட்கார்ந்துவிடும்” என்றார். அந்த 500 மைலுக்குள் மழை பெய்யக்கூடாது என்பதை அவர் சொல்லவில்லை. இது இங்கிலாந்து.

லெமிங்டன் போகும் வழியில் ஒரு ரவுண்டானா. தரை ஈரம். எனக்கு முன்னால் போனவர் காரணமே இல்லாமல் பிரேக் அடித்தார், நான் காலை எடுத்தேன். மேலே சொன்னதெல்லாம் வரிசையாக நடந்தது. பின்பக்கம் சுழன்று போய்க் கற்கட்டில் மோதியது. எனக்கோ வேறு யாருக்குமோ அடி இல்லை. இடது பின் சக்கரம், அதன் வெர்ட்டிக்கல் லிங்க், அரைத்தண்டு மூன்றும் போயின. அந்தத் தண்டிலிருந்து ஹப்பைப் பிரிப்பது தனிக் கொடுமை. சாதாரண புல்லருக்கு அசையாது, அதற்கென்றே செய்த கருவி வேண்டும். கிட்டுக்குக் கொடுத்ததைவிட இந்த மூலைக்கு நான் கொடுத்தது அதிகம். பட்டறைக்காரர் நான் ஓட்டிய விதத்தைக் குறை சொன்னார். பழைய ஸ்பிரிங்கோடு இதே சாலையில், இதே மாதிரி மழையில் நான் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கேட்டேன். பதில் இல்லை.

அளப்பது பெரிய வேலை இல்லை. சமதளத்தில் நிறுத்தி, இரண்டு இருக்கையிலும் ஆள் எடைக்கு அரிசி மூட்டையோ மணலோ வையுங்கள். கோணம் காட்டும் கருவியைச் சக்கர விளிம்பில் வைத்துப் பாருங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு மட்டும் அளக்காதீர்கள். ஸ்விங் ஆக்சிலில் சக்கரம் மடங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிய பிறகுதான் உண்மை தெரியும். மேல்பக்கம் உள்ளே சாய்ந்து ஒன்றிலிருந்து இரண்டு டிகிரி நெகட்டிவ் இருந்தால் நிம்மதி. எனக்கு இப்போது ஒன்றரை.

அதை எப்படிக் கொண்டுவந்தேன் என்பதில்தான் சுத்தபத்தம் பார்ப்பவர்களுக்கும் எனக்கும் தகராறு. பட்டை ஸ்பிரிங்குக்கும் டிஃபுக்கும் நடுவில் தாழ்த்தும் கட்டை வைத்தால் போதும் என்பார்கள். கோணம் சரியாகும், உண்மைதான். ஆனால் மேடுபள்ளத்துக்கு ஏற்கெனவே குறைவாக இருந்த இடமும் போய்விடும். நான் மார்க் 4-இன் ஸ்விங் ஸ்பிரிங்கைப் போட்டேன். அதில் பெரும்பாலான பட்டைகள் டிஃபின் மேல் இறுகப் பிணைக்கப்படாமல் ஆடும். கார் சாயும்போது பின்பக்கம் அதை அவ்வளவாக எதிர்க்காது, அதனால் வெளிச் சக்கரத்தை நெம்பித் தூக்கும் வேலையும் குறையும். சாய்வைத் தாங்கும் பொறுப்பு முன்பக்கத்துக்குப் போவதால், தொழிற்சாலையே முன் ஆன்டி-ரோல் பாரை 11/16 அங்குலத்திலிருந்து 7/8 அங்குலமாகத் தடிப்பாக்கியது. கேட்கச் சின்ன வித்தியாசம். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் நாலாம் அடுக்காகக் கூடுவதால் இரண்டரை மடங்குக்கு மேல். இந்த இரண்டும் ஜோடி. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பாரை விட்டுவிட்டால் கார் படகாக ஆடும். பின்னால் ஒரு ஆன்டி-ரோல் பார் சேர்க்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

மார்க் 3-இல் மார்க் 4 சாமானா, அசல் கெட்டுவிட்டதே என்கிறார்கள். 1500 எஞ்சின் இருக்கும் காரில் எந்த அசல்? தவிர, தவறைச் செய்த கம்பெனியே 1970-இல் கண்டுபிடித்த திருத்தம் இது. 1973-இல் அரைத்தண்டுகளைப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் நீட்டினார்களே, உடைந்ததற்குப் பதிலாக வாங்கியபோது நான் அந்த நீளத்தையே இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டேன்.

மற்றவை சில்லறை. டாம்பரை மிக மென்மையான நிலையில் தொடங்கி ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். முன் ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள், இபி 90 கியர் ஆயில் விடுங்கள். இதில் சண்டைக்கு வருபவர்களிடம் கம்பெனிக் கையேட்டைத் திறந்து காட்டுங்கள். 175 அகல டயர் ஆசை வேண்டாம். பிடி கூடக்கூட அந்தத் தூக்கும் விசையும் கூடும், 155 தாராளம். இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றிய ஒவ்வொன்றையும் சொல்லிவிடுங்கள். 40 வருடம் தாண்டிய காருக்குப் பெரும்பாலும் எம்ஓடி தேவையில்லை என்று 2018-இல் வந்த சலுகையைச் சாக்காக வைத்துக்கொண்டு சோதனைக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

அந்தப் பட்டறைக்காரர் இப்போதும் அதே கிட்டை அதே விலைக்கு விற்கிறார். முன் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் நல்ல சரக்கு, என் காரில் இன்றும் அவைதான். அவற்றை மட்டும் தனியாகக் கேளுங்கள். பிரித்துத் தரமாட்டேன் என்பார். பின் ஸ்பிரிங்கைப் போட்டால் கோணம் எத்தனை டிகிரி வரும் என்று கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் வாங்கலாம்.