ஃபோர்ஸா ஹொரைசன்: கண்ணுக்குத் தெரிவதும் கைக்குத் தெரிவதும்

ஃபோர்ஸா ஹொரைசன் வரிசையில் எது பெஸ்ட்டுன்னு ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்க. பதில் ஸ்க்ரீன்ஷாட்டை வெச்சுத்தான் வரும். மெக்ஸிகோ எரிமலை, எடின்பரோ கோட்டை, ஆஸ்திரேலியக் கடற்கரை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி நம் கைக்கு என்ன சொல்கிறது என்பது ஸ்க்ரீன்ஷாட்டில் வராது. யூடியூப் வீடியோவிலும் வராது.

2012 முதல் 2021 வரை ஐந்து பாகங்கள். கிராஃபிக்ஸ் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு படி ஏறியிருக்கிறது. ஓட்டும் உணர்வு அப்படி நேர்க்கோட்டில் ஏறவில்லை. திரையில் தெரியும் காட்சியும் டயருக்குக் கீழே நடக்கும் கணக்கும் எங்கே ஒன்றோடொன்று கட்டப்பட்டனவோ, அங்கேதான் அது தாவியிருக்கிறது. என் கட்சி இதுதான். ஏன் என்று பார்ப்போம்.

முதல் பாகத்தை இங்கிலாந்தின் பிளேகிரவுண்ட் கேம்ஸ் செய்தது. அடித்தளம் டர்ன் 10 ஸ்டூடியோவின் மோட்டார்ஸ்போர்ட் வரிசையிலிருந்து வந்தது. 2011-இல் வந்த மோட்டார்ஸ்போர்ட் 4-க்கு பிரெல்லி கம்பெனி டயர் டேட்டா கொடுத்திருந்தது. ஆக, முதல் நாளிலிருந்தே ஹொரைசனுக்குள் இருந்த டயர் விளையாட்டு டயர் அல்ல. ஆனால் மோட்டார்ஸ்போர்ட் 60 எஃப்.பி.எஸ்ஸில் ஓடும், ஹொரைசன் 30-இல்தான் ஓடியது. மூடிய ரேஸ் டிராக்கை வரைவதும், திறந்த கொலராடோ மாநிலத்தை எக்ஸ்பாக்ஸ் 360-இல் வரைவதும் ஒன்றல்லவே.

இந்த 30-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகவே போடலாம். 200 கி.மீ வேகம் என்றால் நொடிக்கு சுமார் 55.6 மீட்டர். 30 எஃப்.பி.எஸ்ஸில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில் 33.3 மில்லிசெகண்ட், அதற்குள் வண்டி 1.85 மீட்டர் போய்விடும். 60-இல் அது 0.93 மீட்டர். பின்டயர் வழுக்க ஆரம்பித்த சேதி உங்கள் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது வண்டி! டயர் கணக்கு தப்பாக இல்லை. நமக்குச் சேதி லேட்டாக வருகிறது. அந்த லேட்டைத்தான் 'வண்டி கனமா இருக்கு', 'திருப்பினா திரும்ப மாட்டேங்குது' என்று சொல்கிறோம்.

கன்சோலில் இந்தச் சிக்கல் ரொம்ப நாள் நீடித்தது. தெற்கு பிரான்ஸும் வட இத்தாலியும் வந்த இரண்டாம் பாகம் (2014), ஆஸ்திரேலியா வந்த மூன்றாம் பாகம் (2016) இரண்டும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 30தான். மூன்றாம் பாகம் விண்டோஸுக்கும் வந்ததால் பி.சி. வைத்திருந்தவர்களுக்கு 60 கிடைத்தது. நான்காம் பாகம் (2018) எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸில் ஒரு தேர்வையே முன்னால் வைத்தது: 4கே-யில் 30 வேண்டுமா, 1080பி-யில் 60 வேண்டுமா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, 60தான். புல்லின் நுனி மங்கினால் ஒன்றும் குடிமுழுகாது.

இனி டயருக்கு வருவோம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருக்காது. நடுவில் உள்ள சின்ன வித்தியாசம்தான் ஸ்லிப் ஆங்கிள். அது ஏற ஏற பக்கவாட்டுப் பிடிப்பும் ஏறும். ஒரு உச்சத்தைத் தாண்டினால் இறங்கும். நல்ல டிரைவிங் என்பது அந்த உச்சத்துப் பக்கத்திலேயே குடியிருப்பது. கூடவே இன்னொரு கட்டுப்பாடு: டயரிடம் உள்ள மொத்தப் பிடிப்பு ஒரே பர்ஸில் இருக்கும் காசு மாதிரி. முழுசையும் பிரேக்குக்குக் கொடுத்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. மழை பெய்தால் அந்தப் பர்ஸே சின்னதாகிவிடும்.

அதனால்தான் இரண்டாம் பாகத்தை நான் பெரிய தாவலாகப் பார்க்கிறேன். மாறும் வானிலை முதன்முதலில் வந்தது அதில்தான். ஈரமான தார்ச்சாலையில் ஹெட்லைட் வெளிச்சம் நீண்டு விழும் காட்சி அப்போது பெரிய பேச்சு. ஆனால் அந்தப் பளபளப்பு வெறும் அலங்காரம் இல்லை. ரோடு பளபளத்தால் பிரேக்கை முன்னாலேயே போட வேண்டும். கண் பார்த்ததைக் கால் செய்தாக வேண்டிய நிலை. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரின் ட்ரிக்கர்களுக்குள் தனித்தனி மோட்டார் இருந்ததால், பிரேக் தடுமாறுவது இடது விரலிலும், பின்சக்கரம் சும்மா சுழல்வது வலது விரலிலும் தெரிந்தது.

மூன்றாம் பாகம் வானத்துக்குப் பேர் போனது. ஆஸ்திரேலிய வானத்தைக் கேமராவில் பிடித்து அப்படியே கேமுக்குள் கொண்டு வந்தார்கள். பார்க்கப் பிரமாதம். ஓட்டும் உணர்வில் அது கூட்டியது கொஞ்சம்தான்; மேகம் டயரைத் தொடுவதில்லை.

நான்காம் பாகம் வேறு ரகம். பிரிட்டனில் நான்கு பருவங்கள், வாரத்துக்கு ஒன்றாக, வியாழக்கிழமைகளில் மாறும். கோடையில் படகு மிதக்கும் ஏரி குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். மேலேயே வண்டி ஓட்டலாம். போன வாரம் மனப்பாடமான வளைவு இந்த வாரம் பனியில் வேறு வளைவு. ஒரே மேப்பை நான்கு தடவை கற்க வைத்த வித்தை அது.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. வேகம் என்ற உணர்வு ஸ்பீடோமீட்டரிலிருந்து வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருள் கண்ணைக் கடக்கும் கோண வேகத்திலிருந்து வருகிறது. நேர் பக்கவாட்டில் இருக்கும்போது அது வேகத்தைத் தூரத்தால் வகுத்த விடை. 200 கி.மீ-யில் போகும்போது 3 மீட்டர் தள்ளியிருக்கும் கல்சுவர், 3 கி.மீ தள்ளியிருக்கும் மலையைவிட 1000 மடங்கு வேகமாகக் கடக்கும். நான்காம் பாகத்தின் ஒடுக்கமான கிராமத்துச் சாலைகளில் கல்சுவரும் வேலியும் கதவை உரசுகிற மாதிரி நிற்கும். ஐந்தாம் பாகத்தின் (2021) மெக்ஸிகோ பாலைவனத்தில் சுற்றிலும் ஒன்றுமில்லை. 300-இல் போனாலும் 150 மாதிரி இருக்கும். அதே கேமில் குவானஹுவாட்டோ நகரத்துச் சந்துகளிலும் சுரங்கப் பாதைகளிலும் 120-க்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். எஞ்சின் அதே, வண்டி அதே, சுவர் மட்டும் கிட்டே வந்திருக்கிறது.

ஐந்தாம் பாகம் கைக்கு மோசம் என்று சொல்ல வரவில்லை. சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் வேலை செய்திருக்கிறார்கள். கரடுமுரடான மண்பாதையில் நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குவது தெரியும். காட்சியில் வரிசையிலேயே உச்சம் இதுதான். ஆனால் பருவ மாற்றம் இங்கே நான்காம் பாகம் அளவுக்கு ரோட்டை மாற்றுவதில்லை. என் ஓட்டு காட்சிக்கு ஐந்து, கைக்கு நான்கு.

'இதெல்லாம் உன் ஃபீலிங், டேட்டா எங்கே?' என்று மெக்கானிக்கல்காரர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். நான்கிலும் ஐந்திலும் செட்டிங்ஸில் 'டேட்டா அவுட்' என்று ஒன்று இருக்கிறது. ஐ.பி. முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்தால், ஓடும்போதே கேம் யு.டி.பி. பாக்கெட்டாக அளவுகளை அனுப்பும். பைத்தானில் சின்ன ஸ்க்ரிப்ட் போதும். ஒவ்வொரு டயரின் ஸ்லிப்பும் அதில் வரும்: 0 என்றால் முழுப் பிடிப்பு, 1-ஐத் தாண்டினால் பிடிப்பு போய்விட்டது. சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது என்பதும் வரும். எனக்கு மிகப் பிடித்தது, சக்கரம் நிற்கும் குட்டையின் ஆழம், 0-இலிருந்து 1 வரை. திரையில் குட்டையாக வரைந்த தண்ணீர் கணக்கிலும் தண்ணீர்தான் என்பதற்கு அந்த ஒரு எண் போதும்.

செய்து பார்க்க நினைத்தால்: ஒரே வண்டி, ஒரே டியூனிங், ஒரே வளைவு. டிராக்ஷன் கன்ட்ரோலையும் ஸ்டெபிலிட்டியையும் அணைத்துவிடுங்கள். வெயிலில் பத்து தடவை, மழையில் பத்து தடவை. கீபோர்டில் ஆக்ஸிலரேட்டர் ஒன்று முழுசா, இல்லையா என்றுதான் இருக்கும். பர்ஸிலிருந்து சில்லறை எடுக்க முடியாது. யாரிடமாவது கன்ட்ரோலர் கடன் வாங்குங்கள். லேப்டாப் திணறினால் ஷேடோவையும் ரிஃப்ளெக்ஷனையும் குறைத்து 60-ஐக் காப்பாற்றுங்கள்.

பழைய பாகங்களோடு ஒப்பிடுவது இனிக் கஷ்டம். வண்டி, பாட்டு லைசென்ஸ்கள் காலாவதியாக, முதல் பாகம் 2016-இல், இரண்டு 2018-இல், மூன்று 2020-இல், நான்கு 2024 டிசம்பரில் என்று வரிசையாகக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் ஆடலாம்; புதிதாக வாங்க முடியாது. ஆறாம் பாகத்துக்கு ஜப்பான் என்று 2025-இல் அறிவித்தார்கள். அதை ஓட்டும்போது டோக்கியோ விளக்குகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு ஒடுக்கமான மலைப்பாதையைத் தேடி, மழை வரும்வரை காத்திருங்கள்.