பாழாகவில்லை மாமி, பதம் வந்திருக்கிறது

நவராத்திரிக்கு முன் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு மாமி கிண்ணத்தோடு வந்து நின்றார். "எல்லாம் பாழாப் போயிடுத்துடி. உருகின சாக்லேட்ல ஈரம் படக்கூடாதும்பாளே, ஸ்பூன்ல சொட்டு ஜலம் இருந்திருக்கும் போல." பேத்தியின் பிறந்தநாள் கேக் மேல் உட்கார வைக்க ஒரு யானை பண்ணப் போனவர். கிண்ணத்தில் வெள்ளைச் சாக்லேட் திரிதிரியாகக் கட்டிப்பட்டு, ஓரத்தில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஈரம் பட்டால் சாக்லேட் கெட்டுவிடும் என்பது பாதி உண்மை. சாக்லேட் என்பது கொழுப்பு. அதற்குள் பொடிப்பொடியாகச் சர்க்கரையும் பால்தூளும் கோக்கோவும் மிதக்கின்றன. கொஞ்சம் ஈரம் பட்டதும் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக்கொள்ளும். கேக் மேல் ஊற்றவோ அச்சில் வார்க்கவோ இருந்தவர்களுக்கு அது நஷ்டம்தான். பொம்மை பிடிக்கிறவருக்கு அந்த இறுக்கம்தான் வேண்டும். மாடலிங் சாக்லேட்டில் லிக்விட் குளுக்கோஸ் சேர்ப்பதே இதற்காக. அந்தக் குளுக்கோஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். வேண்டுமென்றே, அளவாக இறுக வைத்த சாக்லேட்டைத்தான் நாம் களிமண் போலப் பிசைகிறோம்.

எண்ணெய் பிரிந்தது வேறு கதை. சூடு அதிகம், கிளறலும் அதிகம். 400 கிராம் வெள்ளை காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதே வெதுவெதுப்பில் 100 கிராம் லிக்விட் குளுக்கோஸை ஊற்றி, கரண்டியால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும். கலவை பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் நாலு சுற்று என்று ஆசைப்பட்டால் எண்ணெய் கக்கும். கக்கினாலும் கொட்ட வேண்டாம். பிளாஸ்டிக் தாளில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பிசைந்தால் வெளியே வந்த கொழுப்பு பெரும்பாலும் உள்ளேயே திரும்பிவிடும். மாமியின் கிண்ணத்தையும் அப்படித்தான் மீட்டோம்.

காம்பவுண்ட் மட்டம், அசல் சாக்லேட்தான் உசத்தி என்பார்கள். தின்பதற்குச் சரி. கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கம் உருகிவிடும். நம் உடம்புச் சூடே 37. அசல் சாக்லேட்டில் யானையின் தும்பிக்கையை நீட்டுவதற்குள் காது தொங்கிவிடும். காம்பவுண்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. புதிதாகப் பழகுகிறவர் கைக்கு அதுதான் அடங்கும். டார்க் சாக்லேட்டில் செய்வதானால் குளுக்கோஸைக் கூட்ட வேண்டும், கோக்கோத் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

"லிக்விட் குளுக்கோஸ் என்ன, சர்க்கரைப் பாகு போதாதா?" போதாது. பாகு பூத்துப்போகும் என்பது ஜாங்கிரி போட்ட எல்லோருக்கும் தெரியும். அதைத் தடுக்கத்தான் பாட்டிகள் ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தார்கள்; புளிப்பு பட்டுச் சர்க்கரையில் ஒரு பங்கு உடைந்துவிட்டால் மணிமணியாகத் திரளாது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் லிக்விட் குளுக்கோஸ் அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்கிறது. காய்ச்சலுக்குக் கரைத்துக் குடிக்கும் குளுக்கோஸ் பொடி இதற்கு உதவாது, நறநறக்கும். தேன் சேரும், ஆனால் தேனுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. இந்த ஊரில் அது வினை.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில், தெப்பக்குளம் பக்கத்தில் எங்கள் வீடு, கடலும் தூரமில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பு ஜாடியே கசியும். இங்கேதான் "செய்ததை ஃப்ரிட்ஜில் வை" என்ற யோசனை பொம்மைகளைக் கொல்கிறது. குளிர்ந்த பொம்மையை வெளியே எடுத்ததும் மேலெல்லாம் முத்துமுத்தாக வேர்க்கும், அந்த நீரில் சர்க்கரை கரையும், சாயம் இறங்கும். பொம்மை பிடிக்காத சாக்லேட் மாவைக் காற்றுப்புகாமல் சுற்றி, டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். கல்லாக இறுகியிருந்தால் மைக்ரோவேவில் ஐந்து வினாடி, பிறகு பிசைதல். க்ரீம் கேக் ஃப்ரிட்ஜில்தான் இருந்தாக வேண்டும். கேக் வெட்டும் நேரத்துக்குச் சற்று முன் பொம்மையை ஏற்றினால் போயிற்று.

முட்டை சேர்க்காத கேக் சைவம், மேலே இருக்கும் பொம்மையும் சைவம் என்று நம்புகிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. மாடலிங் சாக்லேட்டுக்கு ஜெலட்டின் வேண்டாம். கேக் மேல் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் அப்படியல்ல, அதன் பல செய்முறைகளில் ஜெலட்டின் உண்டு, அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள்.

கடைசியாக நிறம். தண்ணீர் போன்ற ஃபுட் கலரை உருகிய சாக்லேட்டில் ஊற்றினால் அளவில்லாமல் இறுகும். உருகும்போது எண்ணெயில் கரையும் சாயம், மாவான பிறகு ஜெல் சாயம் என்று வைத்துக்கொள்ளலாம். "கேக் கடையில் விற்கிற எந்தப் பொடியும் தின்னலாம்" என்ற நம்பிக்கைதான் ஆபத்து. பளபளப்புக்கென்று விற்கும் சில பொடிகள் பார்வைக்கு மட்டுமே. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது, துணிச்சாயமான ரோடமின்-பி அதில் இருந்ததால்தான். உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் நம் நாட்டில் எட்டே எட்டு. எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், நிறத்தின் பெயரும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும் அச்சிடாத டப்பாவைக் குழந்தையின் கேக் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.